கப்பலிலேயே தங்கி அடுத்த வாரமும் தொடர்வது: தள்ளுபடிக் கடிதம் வந்திருக்கிறது, பெற்றோரைத் தனியாக விடலாமா?

ஆர்லாண்டோ மகன்

அனைவருக்கும் வணக்கம். ஃபுளோரிடாவின் போர்ட் கனாவரலில் ஏறி, 7 இரவு மேற்குக் கரீபியன் பயணத்தில் இருக்கிறோம். நானும் மனைவியும் ஓர் அறை, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா பக்கத்து அறை. நேற்று மெக்சிகோவின் கோசுமெலில் சுற்றிவிட்டுத் திரும்பியபோது இரண்டு அறைகளிலும் ஒரு கடிதம் வைத்திருந்தார்கள். இதே கப்பல் அடுத்த வாரம் கிழக்குப் பக்கம் போகிறது: செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டன், பஹாமாஸ். காலியாக உள்ள அறைகளை இப்போது கப்பலில் இருப்பவர்களுக்குத் தள்ளுபடியில் தருகிறார்களாம். பால்கனி அறை ஆளுக்கு 499 டாலர். வியாழன் மாலைக்குள் சொல்ல வேண்டும்.

எங்கள் இருவருக்கும் விடுப்பு கிடையாது. பெற்றோர் மட்டும் தொடரலாமா என்பதுதான் கேள்வி. அப்பாவுக்கு 71, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. அம்மாவுக்கு 67, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, ஆங்கிலம் நன்றாகப் பேசுவார். இருவரும் சைவம். பத்தாண்டு சுற்றுலா விசா இருக்கிறது. இந்த விலை உண்மையிலேயே மலிவுதானா? கப்பல் துறைமுகத்துக்குத் திரும்பும் நாளில் இவர்கள் என்ன செய்ய வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

முதலில் விலை. 499 என்பது அறைக்கான கட்டணம் மட்டுமே. கடிதத்தின் அடியில் சிறிய எழுத்தில் துறைமுக வரியும் கட்டணங்களும் தனி என்று போட்டிருக்கும், அந்தத் தொகை என்ன என்று பாருங்கள். அதற்கு மேல் பணியாளர்களுக்கான டிப்ஸ். பெரிய கப்பல் நிறுவனங்கள் இப்போது ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர் வரை கணக்கில் சேர்த்துவிடுகின்றன. 18 என்று வைத்தால் இருவருக்கு ஏழு நாளுக்கு 252 டாலர். இணைய இணைப்பு, குளிர்பானத் திட்டம் எல்லாம் இந்தப் பயணத்தோடு முடிந்துவிடும். வேண்டுமென்றால் மறுபடி வாங்க வேண்டும்.

அடுத்து, இது கட்டாயம் செய்ய வேண்டியது. கப்பலின் இணையத்திலேயே அந்த நிறுவனத்தின் வலைத்தளத்துக்குப் போய், அதே தேதியில், அதே வகை அறைக்கு வெளியில் என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். புறப்பட மூன்று நான்கு நாட்களே இருக்கும்போது, விற்காத அறையை எல்லாருக்குமே மலிவாகத் தள்ளிவிடுவது வழக்கம். கடிதத்தில் வருவது சில சமயம் பொது விலையேதான், மேலே 'உங்களுக்காக மட்டும்' என்று ஒரு வரி சேர்ந்திருக்கும். கலிபோர்னியாவில் 2024 ஜூலையில் வந்த சட்டத்துக்குப் பிறகு, பெரிய நிறுவனங்கள் அமெரிக்காவில் வலைத்தள விலையில் வரியையும் கட்டணத்தையும் சேர்த்தே காட்டுகின்றன. ஆகவே கடித விலையோடு வரியைக் கூட்டிய பிறகு ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் கடிதம் எப்போதும் மலிவாகத்தான் தெரியும்.

தொலைவிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த ஏற்பாட்டில் உண்மையான லாபம் விமான டிக்கெட்டில் இருக்கிறது. இன்னொரு முறை பறந்து வந்து, முந்தைய இரவு விடுதியில் தங்கி ஏறும் செலவு மிச்சம். நீங்கள் ஆர்லாண்டோ, காரில் ஒரு மணி நேரத் தூரம். உங்களுக்கு அந்த லாபம் இல்லை. அதனால் அறை விலை மட்டுமே பேச வேண்டும்.

மயிலை அம்மாள்

நான் தாம்பாவில் மகள் வீட்டோடு இருக்கிறேன். நானும் என் கணவரும் இப்படித் தங்கிப் பயணம் செய்திருக்கிறோம். என் வயதுக்காரர்களுக்கு இதைவிடச் சுகமான விடுமுறை அமையாது என்று துணிந்து சொல்வேன்.

முதல் வாரம் முழுவதும் கப்பலைப் படிப்பதிலேயே போய்விடும். எந்த லிஃப்ட் எங்கே போகும், எந்தப் பக்கம் காலை வெயில் வரும், எந்த மூலையில் சத்தமில்லாமல் உட்காரலாம் என்று தெரிவதற்குள் பெட்டி கட்டச் சொல்லிவிடுவார்கள். இரண்டாம் வாரத்தில் அந்தத் தவிப்பு கிடையாது. துறைமுகத்துக்குத் திரும்பிய நாளில் பழைய பயணிகள் இறங்கி, புதியவர்கள் ஏறுவதற்கு முன் ஓர் இடைவெளி இருக்கும். அப்போது நீச்சல்குளத்தருகே வரிசையாக நாற்காலிகள், ஓர் ஆள் இருக்காது. காபி கொடுக்கிற பிள்ளை உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான்.

குறையும் சொல்லிவிடுகிறேன். ஏழு நாள் சாப்பாட்டுப் பட்டியலும் மேடை நிகழ்ச்சிகளும் அப்படியே திரும்பி வரும். போகும் தீவுகள் வேறாக இருந்தால் பாதகமில்லை, அதே தீவுகள் என்றால் நான் தொடர மாட்டேன். உங்களுக்கு மேற்கு முடிந்து கிழக்கு வருகிறது, நல்ல அமைப்பு.

சைவச் சாப்பாட்டுக்குத் தலைமைப் பரிசாரகரிடம் முதல் இரவே சொல்ல வேண்டும். பல கப்பல்களில் இந்திய சைவ உணவை முந்தைய நாள் சொன்னால் செய்து தருவார்கள். இரண்டாம் பயணத்தில் மேசையும் ஆளும் மாறலாம், ஆகவே மறுபடியும் புதிதாகச் சொல்ல வேண்டும். முதல் வாரத்தில் பார்த்துக்கொண்டவரின் பெயரைக் குறித்துக்கொண்டு, அவர் பகுதியிலேயே மேசை கேளுங்கள்.

தம்பி, ஒன்று கேட்கிறேன். உங்கள் அம்மாவிடம் கேட்டீர்களா? ஒரு பள்ளியையே நடத்தியவர். இதை அவர் முடிவு செய்யட்டுமே.

எடிசன் வாசகன்

மயிலை அம்மா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் எனக்கு இதில் உடன்பாடில்லை. 71 வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம். மகன் பக்கத்து அறையில் இருப்பது வேறு, ஆர்லாண்டோவில் இருப்பது வேறு.

கப்பல் மருத்துவமனையில் டாக்டர் இருப்பார், முதலுதவியும் தேவையான அவசரச் சிகிச்சையும் கிடைக்கும். அதற்கு மேல் என்றால் அடுத்த துறைமுகத்தில் இறக்குவார்கள், அல்லது ஹெலிகாப்டர். கட்டணம் முழுவதும் அறைக் கணக்கில் ஏறும், அங்கேயே கட்டிவிட்டுக் காப்பீட்டு நிறுவனத்திடம் பிறகு கேட்க வேண்டும். ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு நாம் எடுக்கும் பார்வையாளர் காப்பீடு அமெரிக்காவுக்குள் நடப்பதற்காக எழுதப்பட்டது. கப்பலும் வெளிநாட்டுத் துறைமுகமும் அதில் அடங்குமா, ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தருவார்களா, அவசரமாக வேறிடம் கொண்டுபோகும் செலவு உண்டா, இந்த மூன்றையும் எழுத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் வாரத்துக்குத் தனிப் பயணக் காப்பீடு எடுத்திருந்தால், அது அந்த வாரத்தோடு முடிந்துவிடும். நீட்டிக்க முடியுமா என்று இன்றே தொலைபேசியில் கேளுங்கள்.

என் நெருங்கிய உறவினருக்குக் கடலில் நெஞ்சுவலி வந்து, மொழி தெரியாத ஊரில் இறக்கிவிடப்பட்டபோது அந்தக் குடும்பம் பட்ட பாட்டை நேரில் பார்த்தவன் நான். நூறு இருநூறு டாலர் மிச்சத்துக்காக அந்த நிலைமையில் யாரும் சிக்க வேண்டாம்.

மயிலை அம்மாள்

எடிசன் தம்பியின் கவலை நியாயமானது. காப்பீடு விஷயத்தில் அவர் சொல்வது ஒவ்வொன்றும் சரி. எங்களைப் போல மெடிகேர், அதாவது முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு, வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். கப்பல் அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் விலகிவிட்டால் மெடிகேர் பணம் தராது.

ஆனால் வயதானவர்கள் என்றாலே பிள்ளைகளின் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்பதை நான் ஏற்க மாட்டேன். ஆர்லாண்டோ வீட்டில் மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போனால் மாலைவரை இவர்கள் தனியாகத்தானே இருக்கிறார்கள்? கப்பலில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஆள் வருவார். நம் ஊரிலிருந்து வரும் பெற்றோர் வீட்டுக்குள் எப்படி அடைந்து கிடக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு இப்படி ஒரு வாரம் அமைவது பெரிய விஷயம்.

தளம் மூன்று

கப்பலில் உணவுப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். இப்போது தூத்துக்குடியில் இருக்கிறேன். திரும்பும் நாள் பற்றி நான் சொல்கிறேன்.

கப்பல் விடியற்காலையிலேயே கரை சேர்ந்துவிடும். முந்தைய இரவு எல்லாரும் பெட்டிகளை நடைவழியில் வைப்பார்கள். தொடரும் பயணிகள் வைக்கக் கூடாது. இதைப் பெற்றோரிடம் அழுத்திச் சொல்லுங்கள். பழக்கத்தில் வெளியே வைத்துவிட்டால் பெட்டி கரைக்குப் போய்விடும், பிறகு தேடி எடுத்து வருவதற்குள் அரை நாள் ஓடிவிடும்.

அதே அறை இரண்டாம் வாரமும் கிடைத்தால் எதையும் தொட வேண்டாம், எல்லாம் அப்படியே இருக்கும். அறை மாறினால் சட்டை புடவைகளைத் தொங்கலோடு அறைப் பணியாளரே தூக்கிக்கொண்டு போவார். மற்றதைப் பெட்டியில் போட்டு மூடி வைத்தால் போதும். கடவுச்சீட்டு, பணம், நகை, மாத்திரை இந்த நான்கும் மட்டும் கைப்பையில் இருக்க வேண்டும், எப்போதும்.

கடைசிக்கு முந்தைய நாள் அறைக்கு ஒரு கடிதமும், தொடரும் பயணி என்பதற்கான அட்டையும் வரும். எத்தனை மணிக்கு, எந்தக் கூடத்தில் கூட வேண்டும் என்று அதில் இருக்கும். பெரும்பாலும் காலை ஒன்பதரை பத்து மணி. அமெரிக்கத் துறைமுகங்களில் எல்லாப் பயணிகளும் ஒருமுறை இறங்கியே ஆக வேண்டும், தொடர்பவர்கள் உட்பட. பயணிகள் எண்ணிக்கை பூஜ்யம் என்று கப்பல் கணக்குக் காட்டி, சுங்க எல்லைப் பாதுகாப்புத் துறை சரி என்ற பிறகுதான் அடுத்த பயணம் தொடங்கும். ஓர் ஆள் அறையில் தூங்கிவிட்டாலும் கீழே ஆயிரக்கணக்கானவர்கள் காத்திருப்பார்கள். கணக்கு உதைக்கும்போது நாங்கள் அறை அறையாகக் கதவைத் தட்டியிருக்கிறோம்.

தொடர்பவர்களைக் கூட்டமாக அழைத்துப் போவார்கள். கீழே அதிகாரி கடவுச்சீட்டைப் பார்ப்பார், படம் எடுப்பார், அவ்வளவுதான். பிறகு முனையத்தில் ஓர் ஓரமாக உட்கார வைத்து, பூஜ்யம் வந்ததும் எல்லாருக்கும் முன்னால் மேலே அனுப்புவார்கள். நடக்கச் சிரமம் என்றால் சக்கர நாற்காலி முன்கூட்டியே கேளுங்கள், அன்று காலையில் கேட்டால் கிடைப்பது கடினம். அந்த நேரத்தில் எங்கள் பக்கம் எப்படி இருக்கும் தெரியுமா? பக்கவாட்டுக் கதவு வழியாகப் பலகை பலகையாகச் சரக்கு ஏறும், அழுக்குத் துணி இறங்கும், அறைப் பணியாளர்கள் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடுவார்கள். அதனால் மதியம் ஒரு மணிவரை அறைக்குப் போகாமல் மேல்தளத்தில் சாப்பிட்டுக்கொண்டு இருந்தால் எங்கள் ஆட்கள் வாழ்த்துவார்கள்.

கே

விசா பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு முறை துறைமுகத்துக்குத் திரும்பும்போதும் அமெரிக்காவுக்குள் மறுபடி நுழைவதாகவே கணக்கு. பல முறை நுழையும் விசா என்பதால் உங்கள் பெற்றோருக்குத் தடை இருக்காது. அவர்களுடைய ஐ-94 தேதியை, அதாவது எதுவரை தங்கலாம் என்று நுழைவுப் பதிவில் உள்ள தேதியை, மட்டும் பாருங்கள், இரண்டாம் வாரமும் அதற்குப் பின் ஊர் திரும்பும் நாளும் அதற்குள் அடங்க வேண்டும்.

இதைப் படிக்கும் எச்1பி வேலை விசா நண்பர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். கடவுச்சீட்டில் விசா முத்திரை காலாவதியாகி, ஐ-94 மட்டும் செல்லுபடியாக இருந்தால், கனடா மெக்சிகோவுக்கு 30 நாள் வரை போய்த் திரும்பும் சலுகை உண்டு. கரீபியன் தீவுகளுக்கு அந்தச் சலுகை எஃப் (மாணவர்), ஜே (பரிமாற்றத் திட்டம்) விசாக்காரர்களுக்கு மட்டும்தான், அதிலும் கியூபா சேராது. மெக்சிகோ மட்டும் போகும் முதல் வாரத்தில் சிக்கலில்லாமல் திரும்பியவர், தள்ளுபடிக் கடிதத்தைப் பார்த்து செயின்ட் மார்ட்டன் போகும் இரண்டாம் வாரத்தில் சேர்ந்தால் திரும்பும்போது மாட்டிக்கொள்வார்.

ஆர்லாண்டோ மகன்

எல்லாருக்கும் நன்றி. கணக்குப்பிள்ளை சொன்னபடி பார்த்தேன். கடிதத்தின் அடியில் வரி ஆளுக்கு 140. ஆக இருவருக்கு 1,278. வலைத்தளத்தில் அதே வகை பால்கனி வரியோடு 1,420. வித்தியாசம் 142. டிப்ஸ் இரண்டிலும் ஒன்றே. கடிதத்தில் கப்பலில் செலவழிக்க 100 டாலர் தருவதாகவும் இருக்கிறது. அறை எண் பிறகு ஒதுக்குவார்களாம்.

கணக்குப்பிள்ளை

அப்படியென்றால் உங்களுக்கு வந்திருப்பது உண்மையான தள்ளுபடி. மிகப் பெரியதல்ல, ஆனால் மோசமில்லை. டிப்ஸ் சேர்த்து 1,530 என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், 998 என்று வைக்காதீர்கள்.

அறை எண் பிறகு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டாம். முன்பதிவு மேசைக்கு நேரில் போய், இப்போது பெற்றோர் இருக்கும் அறையே அடுத்த வாரம் காலியா என்று கேளுங்கள். காலியாக இருந்தால் அதையே பிடித்துவிடுங்கள், பத்து இருபது டாலர் கூடினாலும் சரி. வயதானவர்களுக்கு அறை மாறாமல் இருப்பது அந்தத் தள்ளுபடியைவிடப் பெரியது. அந்த 100 டாலர் டிப்ஸுக்குக் கழியுமா, செலவழிக்காவிட்டால் திரும்புமா என்பதையும் கேளுங்கள். திரும்பாது என்றால் சலவைக்குப் பயன்படுத்தலாம். சில கப்பல்களில் காசு போட்டு நாமே துவைக்கும் இயந்திரம் உண்டு, சிலவற்றில் பைக்கு இவ்வளவு என்று கொடுத்துத்தான் துவைக்க வேண்டும்.

பொதுவாக ஒன்று. இந்தக் கடிதங்கள் அறை காலியாக இருந்தால்தான் வரும். பள்ளி விடுமுறையிலும் கிறிஸ்துமஸ் வாரத்திலும் எதிர்பார்க்க வேண்டாம். செப்டம்பர், டிசம்பர் முதல் பாதி, புத்தாண்டு கழிந்த ஜனவரி இவைதான் காலம். செப்டம்பர் புயல் காலத்தின் உச்சம், பாதை மாறலாம் என்று தெரிந்து ஏற வேண்டும்.

தளம் மூன்று

ஒன்று விட்டுப்போனது. இரண்டாம் வாரமும் பாதுகாப்புப் பயிற்சிக்கு அழைப்பார்கள். போன வாரம்தான் பார்த்தோமே என்று பலர் முணுமுணுப்பார்கள். இப்போது பெரும்பாலும் தொலைக்காட்சியில் படம் பார்த்துவிட்டு, கூடுமிடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் போதும், பத்து நிமிடம்.

2012 ஜனவரி 13 இரவு இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே கோஸ்டா கான்கோர்டியா பாறையில் மோதியது, 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை சிவிட்டவெக்கியாவில் ஏறியவர்களுக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை, அப்போதைய விதி 24 மணி நேரம் அவகாசம் தந்திருந்தது. 2015 முதல் கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்த வேண்டும் என்று உலக விதி மாறிவிட்டது. அறை மாறினால் கூடுமிடமும் மாறலாம். உங்கள் பெற்றோரை ஒருமுறை அந்த இடம்வரை நடந்துபோய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆர்லாண்டோ மகன்

முடிவு செய்துவிட்டோம், சரியாகச் சொன்னால் அம்மா முடிவு செய்துவிட்டார். மயிலை அம்மாவின் பதிவைப் படித்துக் காட்டினேன். அப்பா தயங்கினார். அம்மா ஒரு தாளில் கேள்விகளை எழுதிக்கொண்டு முன்பதிவு மேசைக்கு அவரே போனார். அதே அறை கிடைத்தது, 30 டாலர் கூடுதல். 100 டாலர் டிப்ஸுக்குக் கழியும் என்று எழுதி வாங்கியிருக்கிறார்.

எடிசன் நண்பர் சொன்னதால்தான் காப்பீட்டை எடுத்துப் பார்த்தேன். பார்வையாளர் காப்பீட்டில் கப்பல் சேரவில்லை. இரண்டாம் வாரத்துக்குத் தனியாக, அவசரமாக இடம் மாற்றும் செலவும் ஏற்கெனவே உள்ள நோயின் திடீர்க் கோளாறும் அடங்கும்படி ஒன்று எடுத்தோம். இருவருக்கும் சேர்த்து வந்த தொகை அந்தத் தள்ளுபடியில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது, எடுத்தது சரி என்றே நினைக்கிறேன். அப்பாவுக்கு மூன்று வார மாத்திரை கையில் இருக்கிறது. கப்பல் மருத்துவமனையில் அவருடைய மருந்துப் பட்டியலும் என் தொலைபேசி எண்ணும் கொடுத்துவிட்டோம்.

எடிசன் வாசகன்

மகிழ்ச்சி. இணையத் திட்டம் ஒருவருக்காவது எடுத்துக் கொடுங்கள், தினமும் ஒரு செய்தி வந்தால் உங்களுக்கும் தூக்கம் வரும். கரையில் இறங்கும் நாட்களில் கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவிலேயே போகட்டும். அது தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாக வண்டி பிடித்துப் போனால் காத்திருக்காது.

ராலே மணியன்

இழையைத் திசைதிருப்புவதாக நினைக்க வேண்டாம், இதே போன்ற கேள்விதான். மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸில் ஏறி வான்கூவர்வரை ஒரு பயணம் மலிவாகக் கிடைக்கிறது. அதே கப்பல் அடுத்து வான்கூவரிலிருந்து அலாஸ்காவின் விட்டியர் போகிறது. இரண்டையும் தனித்தனியாக வலைத்தளத்தில் பதிவு செய்ய முடிகிறது. சேர்த்துத் தொடர முடியாது என்று நிறுவனம் மறுக்கிறது. காரணம் சொல்லத் தெரியவில்லை அவர்களுக்கு.

தளம் மூன்று

காரணம் 1886ஆம் ஆண்டின் அமெரிக்கப் பயணிக் கப்பல் சட்டம். வெளிநாட்டுக் கொடி பறக்கும், அதாவது வெளிநாட்டில் பதிவான கப்பல், ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறியவரை வேறோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கக் கூடாது, இடையில் தொலைவான வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொட்டாலொழிய. கனடாவும் மெக்சிகோவும் கரீபியனில் பெரும்பகுதியும் அருகிலுள்ளவை என்று கணக்கு. அரூபா, குராசோ, தென் அமெரிக்கா போன்றவைதான் தொலைவு. பலர் இதை ஜோன்ஸ் சட்டம் என்று சொல்வார்கள், அது 1920இல் சரக்குக்காக வந்த வேறு சட்டம்.

உங்கள் இரண்டு பயணங்களும் தனித்தனியே சட்டப்படி சரி. ஒன்று அமெரிக்காவில் தொடங்கிக் கனடாவில் முடிகிறது, மற்றது கனடாவில் தொடங்குகிறது. ஒரே கப்பலில் இறங்காமல் தொடர்ந்தால், நீங்கள் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து விட்டியருக்குப் போனதாக ஆகிவிடும். அபராதம் ஒரு பயணிக்கு நூற்றுக்கணக்கான டாலர். கப்பல் நிறுவனம் அதை உங்கள் கணக்கில்தான் எழுதும். கொரோனாவின்போது கனடா துறைமுகங்களை மூடியதால் 2021 மே மாதம் அலாஸ்காவுக்காக ஒரு தற்காலிக விலக்குச் சட்டமே போட வேண்டிவந்தது, அவ்வளவு இறுக்கமான சட்டம் இது.

வழி இருக்கிறது. வான்கூவரில் இறங்கி வேறொரு கப்பலில் விட்டியர் போகலாம், கப்பல் மாறினால் பயணம் முறிந்ததாகக் கணக்கு. அல்லது வான்கூவரிலேயே தொடங்கி வான்கூவரிலேயே முடியும் அலாஸ்காப் பயணமாகப் பாருங்கள், அப்படியென்றால் அதே கப்பலிலும் தொடரலாம். இந்தியக் கடவுச்சீட்டு என்றால் எந்த வழிக்கும் கனடா விசாவை இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். மே மாதத்துக்கு ஏப்ரலில் விண்ணப்பித்தால் நேரம் போதாது.